திங்கட்கிழமை வராத பிள்ளை

திருப்பூரில் சிறப்புப் பயிற்சி மையத்தின் வருகைப் பதிவேட்டைப் படிக்க, பனியன் கம்பெனிகளின் ஷிப்ட் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குப் போன பிள்ளைகளையும், பிழைப்புக்காக ஊர் மாறியதில் படிப்பு அறுந்த பிள்ளைகளையும் வயதுக்கேற்ற வகுப்புக்குத் தயார்செய்யும் இடம் அது. முன்பு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் இத்தகைய மையங்களை நடத்தியது. 2021 ஏப்ரல் முதல் அந்த வேலை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

பிள்ளைகளைத் தொடர்ந்து வரவைக்கும் வேலை சேர்க்கை நாளிலேயே தொடங்குகிறது. வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்ப 2009 கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. சான்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியவை வேறு. அம்மா டெய்லரா, செக்கிங்கா, கைமடியா? ஒரு ஷிப்டா, ஒன்றரையா? வீட்டில் கைக்குழந்தை உண்டா, பகலில் யார் பார்க்கிறார்கள்? இதையெல்லாம் எழுதிக்கொண்டு, லைன் வீட்டில் பக்கத்துக் கதவுக்காரரின் செல்போன் எண்ணையும் வாங்கிவைக்க வேண்டும். பெற்றோர் எண் அடிக்கடி மாறும். பல நேரம் கடைசியில் கைகொடுப்பது பக்கத்து வீட்டு எண்தான்.

அடுத்தது பதிவேடு. வந்தவர், வராதவர் என்று குறித்தால் மட்டும் போதாது. எந்தக் கிழமை என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு சந்தை, சினிமா. திங்கள் மட்டும் விடுபட்டால் பெரும்பாலும் அசதிதான். ஒரே வீட்டு அக்காவும் தம்பியும் மாறி மாறி வராவிட்டால் தொட்டிலில் ஒரு குழந்தை இருக்கிறது. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் காணோமென்றால், பிசிர் வெட்டும் பண்டல் வீட்டுக்கு வந்திருக்கக்கூடும்.

வராத அன்றே போன் செய்ய வேண்டும். இரண்டாம் நாளும் வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். பகலில் போய்ப் பயனில்லை, பூட்டுதான் இருக்கும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு மேல், அல்லது ஞாயிறு காலை போகலாம். வாசலில் நின்று “ஏன் அனுப்பல?” என்று கேட்டால் அந்த வீட்டோடு பேச்சு முடிந்தது. “ஏனுங்கக்கா, பாப்பாவ ரெண்டு நாளாக் காணமுங்க, காய்ச்சலுங்களா?” என்று கேட்டால் அக்கா உட்காரச் சொல்வார். பேசிக்கொண்டே பிள்ளையைப் பார்க்கலாம். தலைமுடியில் பஞ்சுத் தூசி, கட்டைவிரலில் கத்தரி அழுத்திய தடம், காய்ச்சல் இல்லாமலே சிவந்த கண் என்று எது தென்பட்டாலும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். விசாரணையை அங்கேயே ஆரம்பிக்க வேண்டாம்.

குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. கம்பெனி கொடுத்தனுப்பும் பண்டல் எப்படிக் குடும்பத் தொழிலாகும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த வழக்கை இரவு ஒன்பது மணிக்கு, சமைத்துக்கொண்டிருக்கும் தாயிடம் வாதாட முடியாது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை கம்பெனிக்குள்ளேயே வேலை செய்தால் கதை வேறு: குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லியே ஆக வேண்டும். வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பெற்றோருக்கு முதல்முறை தண்டனை இல்லை. இதைத் தாயிடம் தெளிவாகச் சொல்லிவிட்டால், பயத்தில் ராத்திரியோடு வீடு மாற்றும் எண்ணம் குறையும்.

காரணம் தெரிந்தபின் அதற்கேற்ற உதவி. வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தைக்கு இரண்டு வயது ஆகிவிட்டதென்றால் அங்கன்வாடியில் பேசலாம். கைக்குழந்தை என்றால் தாயின் கம்பெனியில் காப்பகம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். பெண்கள் அதிகம் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு அது 1948-லிருந்தே சட்டக் கடமை. எட்டரை ஷிப்டுக்கு அம்மா ஓடிவிடுவதால் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் உண்டு. மையம் தொடக்கப் பள்ளி வளாகத்தில் இருந்தால், அங்கே நடக்கும் காலை உணவில் இவர்களுக்கும் வழி உண்டா என்று தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும்.

திரும்பி வரும் நாளில் ஆசிரியர் செய்யக் கூடியது குறைவு, செய்யக் கூடாதது அதிகம். எல்லார் முன்னாலும் காரணம் கேட்கக் கூடாது. விட்டுப்போன பாடத்தை அன்றே திணிக்கக் கூடாது. தூங்கி விழுந்தால் அரை மணி நேரம் படுக்க விட்டுவிடலாம்.

தீபாவளி, பொங்கல் என்றால் தனி ஏற்பாடு வேண்டும். போனஸ் வாங்கும் வாரத்திலேயே யார் ஊருக்குப் போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று பட்டியல் போட வேண்டும். திரும்பாத வீட்டின் புது ஊரைக் கேட்டு, பிள்ளையின் எமிஸ் எண்ணோடு (மாணவர் பதிவு எண்) அந்தப் பகுதி வட்டார வள மையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டால், பிள்ளையை அங்கே தேடிப் பிடிக்க ஆள் இருக்கும்.