பழைய தொட்டியில் புதுக் கடல்

காரைக்காலில் ஒரு வீட்டார் பிரான்சுக்குக் குடிபெயர்கிறார்கள் என்றால் அக்கம்பக்கத்தில் எவரும் வியப்படைவதில்லை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் இங்கு உண்டு. பிள்ளைகள் முன்னே செல்வர், பெற்றோர் பின்னே செல்வர், வீட்டுப் பொருள்கள் உறவினருக்கும் அயலாருக்கும் பங்கிடப்படும். எங்கள் தெருவில் அவ்வாறு புறப்பட்ட ஒரு பெரியவர், கட்டில், பீரோ அனைத்தையும் விற்றுவிட்டு, வாங்க ஆளின்றிக் கிடந்த கண்ணாடித் தொட்டி ஒன்றை எங்கள் மகனுக்குக் கொடுத்தார். தேற்றரவு அன்னை ஆலயத் திருவிழா முடிந்த வாரம் அது.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சாதாரண மீன் தொட்டி என்றே நான் எண்ணினேன். "இல்லை அப்பா, இது கடல் தொட்டி, உப்பு நீரில் மீன் வளர்ப்பது" என்றான் மகன். தொட்டியோடு ஒரு மூட்டை மணலும், பிளாஸ்டிக் வாளி ஒன்றும் வந்தன. வாளியைத் திறந்தால் உள்ளே எலும்பைப் போல் வெளுத்த கற்கள்; கிளை கிளையாய்ச் சில, மனித மூளையை ஒத்த மடிப்புகளுடன் சில. முருகைக் கற்கள். இவை எங்களுக்கு ஏற்படுத்திய சங்கடத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் எடையைப் பற்றி ஒரு சொல். பழைய தொட்டி வாங்கும் அன்பர்கள் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர் கொள்ளும். கடல் நீர் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே நீர் மட்டும் ஏறத்தாழ 260 கிலோ. கண்ணாடி 50 கிலோ. கல், மணல் சேர்ந்தால் 350 கிலோவைத் தாண்டும். நான்கு பேர் ஏறி நிற்பதற்கும் மேலான பாரம் இரவு பகலாக ஓரிடத்தில் நிற்கிறது. தச்சர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, முன்னறையின் தரையே ஒருபுறம் சாய்ந்திருக்கிறது என்று கண்டார். தாங்கி சமமாக நில்லாவிட்டால் கண்ணாடியின் ஒரு மூலையில் அழுத்தம் கூடி, என்றாவது ஒரு நள்ளிரவில் பிளந்துவிடும். இரும்புத் தாங்கியும் வேண்டாம் என்றார் அவர். உப்புக்காற்றில் எங்கள் ஊர்ச் சன்னல் கம்பிகள் படும் பாடு அவர் அறியாததா?

தொட்டியின் உட்புறம் வெள்ளைப் படிவங்கள் ஒட்டியிருந்தன. அவை சுண்ணாம்பு, வினிகரில் நனைத்த துணியை ஒட்டிவைத்தால் கரைந்துவிடும். சோப்பு எக்காரணம் கொண்டும் கூடாது. வாசலில் நிறுத்தி, அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, நன்னீர் நிரப்பி மூன்று நாள் விட்டோம். தாள் நனையவில்லை. இனிக் கவலையில்லை என்று மகிழ்ந்தோம். கடல் நீர் கொணர்ந்து நிரப்பினோம். கூட வந்த மணலையே கழுவி இட்டோம். சில வாரங்கள் பொறுத்து, கடற்கரையில் காலிச் சங்குகளில் குடியிருக்கும் சிறு நண்டுகள் ஐந்தைக் கொண்டுவந்து விட்டோம். இரண்டாம் நாள் காலை ஐந்தும் சங்கை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தன.

மகன் அன்று பள்ளிக்குச் செல்ல மறுத்தான். தன் கையால் கொன்றதாகவே அவன் நினைத்தான். நானும் அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் நின்றேன். பிரான்சிலிருந்த பெரியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான் காரணம் விளங்கிற்று. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் கண்டபோதெல்லாம் அவர் தொட்டியிலேயே நீலநிற மருந்து ஊற்றி வந்திருக்கிறார். அம்மருந்தில் இருப்பது தாமிரம். அளவோடு இருந்தால் மீன் அதைத் தாங்கும். நண்டு, இறால், நத்தை முதலிய முதுகெலும்பற்ற உயிர்கள் தாங்கா. அந்தத் தாமிரம் சுண்ணாம்பு மணலிலும், கண்ணாடிகளை இணைக்கும் சிலிகான் பசையிலும் ஊறித் தங்கி, புது நீரில் சிறிது சிறிதாகக் கசியும். பழைய கடல் தொட்டி வாங்குவோர், விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இதில் மருந்து ஊற்றியதுண்டா?

மணல் முழுவதையும் அப்புறப்படுத்தினோம். உட்புற மூலைகளில் இருந்த பசையைச் சவர அலகால் சுரண்டி எடுத்தோம். பழைய பசையின்மேல் புதுப்பசை பிடிக்காது. ஆகையால் ஓரிடத்தில் மட்டும் ஒட்டுப்போடும் வேலை பயன் தராது, சுற்றிலும் எடுத்தே ஆகவேண்டும். குளியலறைக்கென விற்கப்படும் பசையில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும். அது மீனுக்கும் நஞ்சு. கலப்பற்ற சிலிகானைப் பூசி, அதன் புளித்த காடி மணம் முற்றிலும் அகலும்வரை ஒரு வாரம் காயவிட்டோம்.

இதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. நம் கரையின் இயல்பு அப்போது நன்கு புலப்பட்டது. காரைக்காலில் அரசலாறு கடலில் கலக்கிறது. காவிரியின் கிளைகள் பலவும் இக்கரை நெடுகிலும் மழைநீரையும் வண்டலையும் கடலில் கொட்டுகின்றன. ஐப்பசி கார்த்திகையில் கரையோர நீர் கலங்கி, உப்பும் குறைந்து, கடல் நீர் என்ற பெயருக்கே தகுதியற்றதாகிவிடுகிறது. நம் கரையில் பவளப்பாறை இல்லாததற்கும் இதுவே காரணம். பவளம் என்பது உண்மையில் ஓர் உயிரினக் கூட்டம். அதன் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, வெயிலைக்கொண்டு உணவு சமைத்து அதற்கும் ஊட்டுகின்றன. வண்டல் படிந்த நீரில் வெயில் இறங்காது. அடுப்பு எரியாத வீடாகிவிடும். தெற்கே மன்னார் வளைகுடாவின் தெளிந்த நீரில் அவை செழித்தன. அங்கும் தூத்துக்குடிக் கரையில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டுகள் அவற்றை வெட்டியெடுத்தனர். 1986இல் 21 தீவுகளைக் கொண்டு கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நீர் மிகச் சூடேறி, பாசியை இழந்து பவளங்கள் வெளுத்தன.

வாளியிலிருந்த கற்களின் சங்கதிக்கு வருகிறேன். பவளப்பாறையை ஆக்கும் பவள இனங்கள் அனைத்தும் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. உயிருள்ளதைப் பறிப்பது மட்டுமன்று, உலர்ந்த கல்லை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். "நாம் பறிக்கவில்லையே, பரிசாக வந்ததுதானே" என்றேன் நான். "பரிசாக வந்ததென்றால் நம்முடையதாகிவிடுமா?" என்று கேட்டாள் என் துணைவி. ஆற்றில் எறிந்துவிடலாம் என்றார் ஓர் உறவினர். ஒருவரும் அறியமாட்டார்கள் என்பது மெய்யே. எனினும், மகன் பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்து மூலம் விவரம் தெரிவித்து, வாளியோடு வனத்துறையினரிடம் ஒப்படைத்தோம். கையெழுத்திடும்போது எனக்கு நெஞ்சு படபடத்தது என்பதை மறைப்பானேன்? அவர்கள் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

ஆக, எங்கள் தொட்டியில் பவளம் கிடையாது. அதன் இடத்தில் குயவரிடம் வாங்கிய மண்சட்டிகளை உடைத்து, ஓடுகளை அடுக்கிக் குகைகள் செய்தோம். அடியில், பெயரிலேயே கிளிஞ்சலைத் தாங்கிய கிளிஞ்சல்மேட்டுக் கரையில் பொறுக்கிய சிப்பித்தூள். சிப்பியும் சுண்ணாம்பே, நீர் புளித்துப் போகாமல் அது காக்கும். பவளம் இல்லாமையால் கண்ணைப் பறிக்கும் விலையுயர்ந்த விளக்குகளும் தேவைப்படவில்லை.

மாசி மாதத்தில் கடல் தெளிந்தது. மீனவ நண்பர் ஒருவர் தம் படகில் கரையை விட்டு நெடுந்தொலைவு சென்று, புதுப் பிளாஸ்டிக் கேன்களில் நீர் மொண்டு வந்தார். டீசல் கேன் எதுவும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி இருமுறை சொல்லியனுப்பினேன்; அவர் சிரித்தார். துணியில் வடிகட்டி, மூடி, இருட்டறையில் இரண்டு வாரம் வைத்தபின் தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றினோம்.

இவ்வளவு பாடு எதற்கு, வேதாரண்யத்து உப்பைக் கிணற்று நீரில் கரைத்தால் போதாதா என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டேன். ஒரு கிலோ கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. குளோரைடு 19 கிராம், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் உண்ணும் உப்பு. எஞ்சியவை சல்பேட்டு, மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன. உப்பளத்தில் நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்து பிரிந்துவிடுகின்றன. பின்னர் உப்பு விளைகிறது. மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரைக் கடைசியில் வெளியேற்றிவிடுகிறார்கள். சமையலுக்கு அதுவே நன்று. ஆனால் பிரித்தெடுத்த ஒன்றைக்கொண்டு முழுமையை மீண்டும் ஆக்க முடியாது. கடல் தொலைவிலுள்ள ஊரினர் எல்லா உப்புகளும் கலந்து விற்கப்படும் பொடியை வாங்கிக் கரைக்கிறார்கள். எவ்வகை நீராயினும் அடர்த்திமானியில் 1.025 காட்டவேண்டும். வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரே ஊற்றவேண்டும். எங்கள் கிணறு உவர் ஆதலால் மொட்டைமாடி மழைநீரைச் சேமித்து வைத்திருக்கிறோம்.

சாம்பல் புதனுக்கு முந்திய நாள் தொட்டி நிரம்பிற்று. அதில் ஓர் இறால் துண்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அது மீனுக்குக் கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் சட்டி ஓடுகளில் குடியேறி அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு தீங்கற்றது, நீர் மாற்றும்போது வெளியேறிவிடும். இக்குடியேற்றம் முடியச் சுமார் ஆறு வாரங்கள் ஆகும். தவக்காலம் முழுவதும் எங்கள் முன்னறையில் ஒரு வெற்றுத் தொட்டி நின்றது. வருவோர் எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டனர். பாஸ்கா வாரத்தில் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன.

அவை கடலில் பிடித்தவை அல்ல. குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்விக்கும் வழிமுறைகள் கைகூடியதால், பாறைகளில் வலைவீசிப் பிடிக்கும் தேவை குறைந்தது. வாங்குவோர் இதைக் கேட்டு வாங்கவேண்டும் என்பது என் கருத்து. தொட்டியில் பிறந்த மீன் தொட்டி உணவை உண்ணும். கடலில் பிடித்தது பட்டினி கிடந்தே மாளக்கூடும்.

சித்திரை வெயிலில் நீர் 31 பாகைக்கு ஏறிற்று. மேலே ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தோம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எஞ்சிய 250 லிட்டரிலிருந்து இரண்டு பாகைக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே தத்துவந்தான்.

அவ்வாண்டு ஐப்பசியில் ஒரு புயல் இரவு. மின்சாரம் போயிற்று, இன்வெர்ட்டரும் நள்ளிரவுக்குமேல் ஓய்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் எத்தனை நாள் இருளில் கிடந்தோம் என்பது வாசகர் அறிந்ததே. காற்றூட்டும் கருவி நின்றால் நீரில் உயிர்வளி குறையும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அப்போது மகன் எங்கோ படித்த ஒரு பெண்மணியின் கதையைச் சொன்னான். 1846இல் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குரு ஒருவரின் மனைவியாகிய அன்னா தைன் அம்மையார், டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். மின்சாரம் இல்லாத காலம். அவருடைய பணிப்பெண் நாள்தோறும் சன்னலருகே நின்று, அரைமணி முக்கால்மணி நேரம் அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றி ஆற்றி ஊற்றுவாளாம். வரலாற்று நூல்களில் அம்மையாரின் பெயர் இருக்கிறது. கை சலித்த பணிப்பெண்ணைப் பற்றி நினைத்துப் பார்ப்பவர் சிலரே.

என் துணைவி உடனே அடுக்களைக்குச் சென்று செம்பை எடுத்து வந்தாள். "அம்மா, செம்பு வேண்டாம், தாமிரம்!" என்று அலறினான் மகன். பிளாஸ்டிக் குவளையால் மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினோம். முறை வைத்துக்கொண்டோம், மகன் ஒரு மணி நேரம், துணைவி ஒரு மணி நேரம், நான் ஒரு மணி நேரம். வெளியே தென்னைகள் பேயாட்டம் ஆடின. மெழுகுவர்த்தி ஒளியில் ஒருவர் செபமாலை சொல்ல மற்றவர் நீர் மொண்டார். காலை ஒன்பது மணிக்கு விசிறி சுழன்றது. இரு மீன்களும் இருந்தன.

கோமாளி மீன் கூட்டத்தில் பெரியது பெண், அதற்கடுத்தது ஆண். பெண் இறந்துபோனால் ஆணே பெண்ணாக மாறும் என்பது அறிவியலாரையும் வியக்கவைத்த செய்தி. மூன்றாம் ஆண்டு ஒரு மாலை, சட்டி ஓட்டின் சரிவில் செம்மஞ்சள் நிற முட்டைகள் ஒட்டியிருக்கக் கண்டோம். தாய் இட்டதோடு ஒதுங்கிக்கொண்டது. தந்தை மீனோ அவ்விடத்தை விட்டு அகலவில்லை. துடுப்புகளால் ஓயாது விசிறியது. கெட்டுப்போன முட்டைகளை வாயால் பொறுக்கி அகற்றியது. கண்ணாடியைத் துடைக்கச் சென்ற என் விரலைக் கடித்தது. எட்டாம் நாள் இரவு, விளக்கணைந்தபின், முட்டைகள் பொரிந்தன. கண்ணுக்குப் புலப்படா நூலிழைகள் போன்ற குஞ்சுகள். மூன்று நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவற்றின் வாய்க்குள் நுழையக்கூடிய உணவு ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரி மட்டுமே. அதை வளர்க்க வேண்டுமானால் அதற்கு உணவாகப் பச்சைப் பாசிநீர் வளர்க்க வேண்டும். மகன் இப்போது சன்னலோரம் ஆறு சீசாக்களில் கடல் நீர் வைத்திருக்கிறான். இரண்டு வெளுத்துவிட்டன. நான்கு பச்சையாக இருக்கின்றன. ஓட்டின்மேல் நேற்று மறுபடியும் முட்டைகள்.