பிள்ளைக்கு ஓர் ஆசிரியரைத் தேடும்போது

மாலை ஐந்தரை மணிக்கு ஆர்.எஸ்.புரத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. பள்ளிச் சீருடையைக் களைந்து வேறு சட்டை மாட்டிக்கொண்ட பிள்ளைகள், காலையில் சுமந்த அதே புத்தகப் பையை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டு, திவான் பகதூர் சாலையிலிருந்தும் திருவேங்கடசாமி சாலையிலிருந்தும் பிரியும் குறுக்குத் தெருக்களில் புகுந்து மறைகின்றனர். சிலர் காந்தி பார்க் நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வருகின்றனர். சிலரைத் தாய்மார் ஸ்கூட்டரில் கொணர்ந்து இறக்கிவிட்டு, பிள்ளை மாடிப்படி ஏறி மறையும்வரை அண்ணாந்து பார்த்து நிற்கின்றனர். 'கணிதம், இயற்பியல், வேதியியல்: ஆறு முதல் பன்னிரண்டு வரை' என்ற பலகைகள் வாசற்கதவுகளில் தொங்குகின்றன. இரவு எட்டரை மணிக்கு இதே பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி வெளியே வருகின்றனர்.

இது கோவைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 2017–18-இல் நடுவண் அரசின் புள்ளியியல் துறை எடுத்த கணக்கெடுப்பின்படி நம் நாட்டு மாணவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தனிப்பயிற்சிக்குச் சென்றனர். 2025-இல் எடுத்த கணக்கெடுப்பில் அது நூற்றுக்கு 27 ஆக இருந்தது. நகரங்களில் ஏறத்தாழ 31. முன்னாளில் 'டியூஷன்' என்பது பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு மட்டும் என்றிருந்தது. இன்றோ நன்றாகப் படிக்கும் பிள்ளையும் போகிறது. போகாத பிள்ளையின் பெற்றோரைத்தான் அக்கம்பக்கத்தார் ஒருமாதிரியாகப் பார்க்கின்றனர்.

நாமும் இத்தெருக்களில் அலைந்தவர்களே. நம் தம்பியின் மகன் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் நூற்றுக்குப் பதினெட்டு எண்கள் பெற்று வந்தான். அன்றிரவு வீட்டில் எவரும் வயிறார உண்ணவில்லை. தம்பி ஒரு வார்ப்பட ஆலையில் வேலை பார்ப்பவன். பத்தாம் வகுப்போடு தன் படிப்பு நின்றுபோன குறையை மகன்மூலம் தீர்த்துக்கொள்ள எண்ணியிருந்தவன். மறுநாளே விசாரித்தோம். எல்லாரும் கைகாட்டிய ஒரு பெரிய பயிற்சி நிலையத்தில் சேர்த்தோம். ஆண்டுக் கட்டணம் முழுவதையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள்; தம்பி மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின.

ஒரே கூடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆசிரியர் திறமையானவர்தாம், கரும்பலகையில் கணக்குகளை மளமளவென்று போட்டுக்காட்டுவார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நம் பையனின் குறிப்பேடு அச்சிட்டாற்போல அழகாக இருந்தது. அதைப் பார்த்துத் தம்பி மகிழ்ந்தான். அரையாண்டுத் தேர்வில் எண்கள் பதினைந்து.

அதன்பின் வீட்டில் நடந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. 'சோம்பேறி' என்ற சொல்லும் 'உனக்காக வளையலைக்கூட...' என்ற சொல்லும் ஒரு பிள்ளையின் காதில் எத்தனைமுறை விழலாமோ அதற்கு மேலேயே விழுந்தன. பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இரவு உணவைத் தட்டிலிட்டுத் தன் அறைக்குக் கொண்டுபோனான். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, விதிமுறைகள் அச்சிட்ட தாளைக் காட்டினார்கள். நாம் படிக்காமலே ஒப்பமிட்ட தாள்.

ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து வாசலில் நின்றபோது, அறிந்தவர் ஒருவர், தடாகம் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றிச் சொன்னார். பலகை கிடையாது. ஒரு வேளைக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. போனோம். மதிப்பெண் பட்டியலை நீட்டினோம். அவர் அதைப் பாராமலே மேசைமேல் வைத்துவிட்டு, பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து, அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று எழுதச் சொன்னார். அவன் மேலே இருந்த எண்களைக் கூட்டி, கீழே இருந்த எண்களையும் கூட்டி, 2/5 என்று எழுதினான். நமக்கு முகம் சுருங்கியது. அவர் தவறென்று சொல்லவில்லை.

"ஏங்கண்ணு, அரைத் தோசை தின்னுபோட்டு, அதுக்கு மேல இன்னுங் கொஞ்சம் தின்னா, மொத்தம் அரைத் தோசைய விடக் கொறஞ்சா போகும்?"

பையன் தாளை உற்றுப் பார்த்தான். ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு என்பது அவனுக்கு மெல்லப் புலப்பட்டது. எழுதியதைத் தானே அடித்தான். ஆசிரியை நம் பக்கம் திரும்பி, "ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஆறாம் வகுப்புப் புத்தகம் எங்காவது கிடைத்தால் கொண்டு வாருங்கள்" என்றார்.

கணிதம் மாடிப்படி போன்றது. பின்னமும் குறை எண்களும் கைவராத பிள்ளைக்கு இயற்கணிதத்தை எத்துணைத் தெளிவாக விளக்கினாலும் ஏறாது. அவன் பார்த்து எழுதுவான், அவ்வளவே. நம் பையனுக்கு அந்தப் படி எங்கே உடைந்தது என்று பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்புவரை தமிழில் பயின்றவனை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றியவர்கள் நாம். அந்த ஓராண்டு முழுவதும் அவன் மொழியோடு மல்லாடிக்கொண்டிருந்தான். பின்னங்கள் அவன் தலைக்கு மேலே கடந்து போயின. குற்றவாளியைத் தேடிய நாம் நம் வீட்டுக் கண்ணாடியைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவன் அந்த ஆசிரியையிடம் "எனக்குப் புரியிலீங் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறான். மூன்று ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத சொல் அது. பள்ளியில் சொன்னால் நண்பர்கள் நகைப்பார்கள். பயிற்சி நிலையத்தில் சொல்ல வாய்ப்பில்லை. வீட்டிலோ சொல்ல அச்சம். 'புரியவில்லை' என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய ஒருவரே பிள்ளைக்கு வேண்டிய ஆசிரியர் என்பது நம் துணிபு. பட்டங்களும் தேர்ச்சி விழுக்காடும் பிறகுதான்.

பேரறிவாளரெல்லாம் நல்ல பயிற்றுநராக அமைவதில்லை என்பதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு சான்றுண்டு. கணித மேதை இராமானுஜன், கல்லூரித் தேர்வில் தோற்று வேலையின்றி இருந்த காலத்தில், 1913-இல் கேம்பிரிட்ஜுக்குப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிழைப்புக்காக மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பி.ஏ. தேர்வுக்குக் கற்க வந்த கோவிந்தராஜ ஐயங்கார் என்பவர் இரண்டு வாரத்துக்குள் நின்றுகொண்டார். தேர்வுக்குத் தேவையான வழிமுறைகளை விடுத்து, முடிவிலியைப் பற்றியும் எண்ணற்கரிய நுண்ணளவுகளைப் பற்றியுமே இராமானுஜன் பேசிக்கொண்டிருந்தாராம். அவரிடமே விரும்பிச் சென்று பயின்று பயன்பெற்ற வேறு மாணவர்களும் இருந்தனர். ஒரு பிள்ளைக்குப் பொருந்திய ஆசிரியர் மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. "எங்கள் மகள் அங்கேதான் போனாள், முதலிடம் வந்தாள்" என்ற பரிந்துரையைக் கேட்டவுடனே பணத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

ஓடுமுன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை சில உள. கரும்பலகை சரியாகத் தெரியாமல் பின்தங்கிய பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களுக்கு வேண்டியது கண்ணாடி. பள்ளி ஆசிரியரைச் சந்தித்து, எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் பிள்ளை தடுமாறுகிறது என்று கேட்க வேண்டும். பிள்ளையையும் கேட்க வேண்டும். அதுவும் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாகாது. பழைய விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தால் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருவது பல வேளைகளில் நமக்கே தெரியும்.

ஆர்.எஸ்.புரத்தைச் சுற்றிலும் மாநிலப் பாடத்திட்டம், மத்திய வாரியப் பாடத்திட்டம், ஐ.சி.எஸ்.இ. என மூவகைப் பள்ளிகளிலும் பயிலும் பிள்ளைகள் உள்ளனர். ஒன்றில் தேர்ந்தவர் மற்றதை அறிவாரா என்று கேட்பதில் தவறில்லை. ஒரே வேளையில் எத்தனை பிள்ளைகள், பிள்ளை தவறு செய்தால் அதை எப்படித் திருத்துவார், வீட்டுப்பாடத்தைத் தாமே போட்டுக் கொடுப்பாரா அல்லது பிள்ளையைப் போடவைப்பாரா என்பனவும் கேட்கத்தக்கவை. எல்லாவற்றினும் மேலாக, முதல் வாரத்தில் ஒருநாள் போய் ஓரமாக அமர்ந்து பாருங்கள். யார் அதிகம் பேசுகிறார் என்று கவனியுங்கள். ஒரு மணி நேரமும் ஆசிரியரின் குரலே கேட்டால் அங்கே பிள்ளைக்கு இடமில்லை. கட்டணத்தை மாதம் மாதம் கட்டுவதே நன்று. ஆண்டு முழுமைக்கும் கட்டி நாம் பட்டது போதும்.

கல்லூரி மாணவியர் சிலரும் வீடுகளுக்கு வந்து சொல்லிக் கொடுக்கின்றனர். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்கள் மிக நன்று. அக்காவிடம் பேசுவதுபோல் பிள்ளைகள் பேசுகின்றன. அவர்களுக்கும் தேர்வு வருமே என்பதை மட்டும் முன்கூட்டி எண்ணிக்கொள்ள வேண்டும்.

யார் வந்தாலும், எங்கே போனாலும், பாடம் நடக்கும் அறைக்கதவு திறந்திருக்கட்டும். வீட்டார் வந்துபோகும் இடமாக இருக்கட்டும். நல்ல ஆசிரியர் இதனால் மனம் வருந்தமாட்டார். அவரே கதவைத் திறந்து வைப்பார். பாடத்துக்குப் போக மறுக்கும் பிள்ளையைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளுமுன், ஏன் என்று கேளுங்கள். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012 முதல் உண்டு. 1098 என்ற எண்ணில் பிள்ளைகளே அழைத்து உதவி கேட்கலாம்.

சட்டம் என்றதும் இன்னும் இரண்டு செய்திகள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்தலாகாது என்று தடைசெய்கிறது. தம் வகுப்புப் பிள்ளையையே மாலையில் வீட்டுக்கு வரச் சொல்லும் ஆசிரியரை மறுக்கப் பெற்றோர் அஞ்சுகின்றனர். வகுப்பில் பிள்ளையைக் கவனியாமல் விட்டுவிடுவாரோ என்ற அச்சம். அந்த அச்சத்தை அகற்றவே அப்பிரிவு. அடுத்து, 2024 ஜனவரியில் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள், ஐம்பது மாணவர்களுக்கு மேற்பட்ட பயிற்சி மையங்கள் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கலாகாது என்றும், இடையில் விலகுவோருக்கு எஞ்சிய காலத்துக்குரிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. இவை மாநிலங்களுக்குத் தந்த வழிகாட்டுதலே. ஆயினும் பேசும்போது சுட்டிக்காட்டலாம்.

பணம் கொடுக்க இயலாத குடும்பங்களை மறந்து இக்கட்டுரையை எழுதுவது முறையாகாது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் பாடத்தை மறந்தபோது, தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை பயிலும் பிள்ளைகளுக்கு, அந்தந்தத் தெருவிலுள்ள தன்னார்வலர்களே மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பாடம் சொன்னார்கள். அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஒருவரிடம் இருபது பிள்ளைகள் அளவிலேயே இருந்தனர். திண்ணையும் வேப்பமர நிழலும் வகுப்பறைகளாயின. பக்கத்து வீட்டு அக்காவே ஆசிரியை என்பதால் பிள்ளைகள் கூச்சமின்றிக் கேள்வி கேட்டார்கள். அதைப் பார்த்தபின் நமக்கு ஓர் எண்ணம்: ஞாயிறு மறைக்கல்வி நடக்கும் அறைகள் வாரநாள் மாலைகளில் பூட்டியே கிடக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பங்குகள்தோறும் இருக்கின்றனர். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க ஒருவர் முன்வந்தால் போதுமே!

பையனைப் பற்றிக் கேட்பீர்கள். ஆண்டுத் தேர்வில் நாற்பத்தொன்று பெற்றான். தம்பிக்கு அதில் முழு நிறைவில்லை. பத்தாம் வகுப்பு அரையாண்டில் அறுபத்து மூன்று. அந்த விடைத்தாளைக் கொண்டுபோய்க் காட்டியபோது, ஆசிரியை அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாதத்திலிருந்து இவன் வர வேண்டாம். தானே போட்டுக்கொள்வான், சந்தேகம் இருந்தால் மட்டும் சனிக்கிழமை வரட்டும்" என்றார். பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் மாணவனை வேண்டாமென்று அனுப்பும் ஆசிரியரைத் தம்பி அதற்குமுன் கண்டதில்லை. கட்டணத்தைக் கூட்டித் தருவதாகக்கூடச் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அடுத்த பிள்ளையை உள்ளே அழைத்தார்.