வெள்ளம் வடிந்த பின் ஆற்றங்கரையை மீட்போம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையினால் மகாவலி கங்கை கரைபுரண்டோடியது. கங்கையின் கீழ்ப்புறத்தே, மூதூர், வெருகல் பகுதிகளில் வயல்களும் குடிமனைகளும் நீரில் மூழ்கின. 1957இலும் 2011இலும் கிழக்குப் பகுதி மக்கள் இத்தகைய வெள்ளங்களைக் கண்டவர்களே. இடம்பெயர்ந்து சென்ற குடும்பங்கள் திரும்பி வரும்போது வயலின் ஒரு துண்டையே ஆறு கொண்டுபோயிருக்கும். கிராமத்துத் தொண்டர்கள் சிரமதானம் செய்து கரையோரம் நட்ட கன்றுகளும் அதனோடு போயிருக்கும்.

“நட்டதெல்லாம் போயிற்று, இனியும் ஏன் நட வேண்டும்?” என்று கேட்பது நியாயமே. வீடும் விதைநெல்லும் இழந்தவர்களுக்கு ஆற்றங்கரை முதற் கவலையாக இருக்க முடியாது. ஆனால் உடைந்த கரையை அப்படியே விட்டால் அடுத்த மாரியில் அதே இடத்தில்தான் ஆறு மீண்டும் வயலுக்குள் புகும். ஆகவே, குறைந்த உழைப்பில் கரையை மீட்கும் வழியை இங்கு பார்ப்போம்.

கரை எப்போது இடிகிறது?

வெள்ளம் ஏறும்போதுதான் கரை இடிகிறது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது வடியும்போதே இடிகிறது. நீரில் ஊறிக் கனத்த மண்ணை அதுவரை ஆற்று நீரே தாங்கி நிற்கும். நீர் விரைவாக இறங்கியதும் அந்தத் தாங்கல் போய், கரை பாளம் பாளமாகச் சரிகிறது. ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவு அரிக்கப்படும். உள்வளைவில் மணல் படியும். ஆற்றில் மணல் அள்ளி அடியை ஆழமாக்கினால் கரையின் கால் அறுபடும். அதன்பின் மேலே எத்தனை மரம் நட்டாலும் நில்லாது.

முதலில் நடந்து பார்த்தல்

மண்வெட்டி எடுக்குமுன் கரை நெடுகிலும் நடந்து பார்க்க வேண்டும். எங்கே கரை நின்றது, எங்கே போனது, நின்ற இடத்தில் என்ன மரம் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதிர்ந்த மருதமரத்தின் வேர்ப்பின்னல் மண்ணை இறுகப் பிடித்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். அத்தகைய மரங்களை விறகுக்கோ பலகைக்கோ தறிக்கக் கூடாது. சாய்ந்தும் வேர் விடாத மரங்களை விட்டுவைப்பது நல்லது. நீரோட்டத்தை மறித்துக் கரைப்பக்கம் திருப்பும் மரங்களையும் குப்பைகளையும் மட்டும் அகற்றினால் போதும்.

நடும் காலம்

மழை தொடங்கும் ஐப்பசியில் கன்று நடுவது எமது வழக்கம். மேட்டு நிலத்துக்கு அது சரி. ஆற்றின் விளிம்புக்குச் சரியன்று. ஒரு மாதக் கன்றை கார்த்திகை, மார்கழி வெள்ளம் பிடுங்கிவிடும். வெள்ளம் வடிந்தவுடன், மண் ஈரமாக இருக்கும் தை, மாசியில் நட்டால் அடுத்த வெள்ளத்துக்கு முன் எட்டு ஒன்பது மாத வேர் கிடைக்கும். ஆனால் கோடையில் நீர் ஊற்றியே ஆக வேண்டும். ஆயிரம் கன்று நட்டுக் கைவிடுவதிலும், ஐம்பது கன்று நட்டு ஐம்பதையும் காப்பது மேல்.

எதை எங்கே நடுவது?

• நீர் தொடும் அடிப்பகுதியில்: நாணல்.
• சரிவில்: வெட்டிவேர். தூர்களைப் பிரித்து, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, அரை அடிக்கும் குறைந்த இடைவெளியில் நட வேண்டும். இதன் வேர் நேர் கீழாக 6 அடிக்கு மேலும் இறங்கக்கூடியது. இடையிடையே நொச்சி, பூவரசுத் தடிகளை ஊன்றலாம்.
• கரையின் மேலே: மருது, புங்கு, இலுப்பை.

ஆடுமாடுகள் புகாதவாறு முள்வேலி அடைக்க வேண்டும். கால்நடைகள் நீர் குடிக்க ஒரு துறையை ஒதுக்கி விட்டால் வேலி நிலைக்கும்.

முகாமிலிருந்தே தொடங்கலாம்

ஊர் திரும்பும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நலன்புரி நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருப்போர், வெறுமையான பால்மாப் பைகளில் துளையிட்டு, மண்ணும் எருவும் நிரப்பி மருது, புங்கு விதைகளை முளைக்க விடலாம். முதியோரும் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை இது. திரும்பும்போது கன்றுகளும் கூடவே வரும்.

பாதுகாப்பும் அனுமதியும்

வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவும். சேற்றில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிய வேண்டும். முதலை நடமாடும் துறைகளில் தனியே இறங்க வேண்டாம். முன்னர் யுத்தம் நடந்த பகுதிகளில் வெள்ளம் கொணர்ந்த இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால், தொடாமல் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

ஆற்றொதுக்கு அரச காணி. ஆகவே கமக்காரர் அமைப்பு மூலம் கிராம உத்தியோகத்தருக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அறிவித்த பின்பே வேலை தொடங்க வேண்டும். உடைந்த அணைக்கட்டைத் திருத்துவது திணைக்களத்தின் கடமை. அது தொண்டர்களின் தலையில் விழக் கூடாது.

கிழமையில் ஒரு காலைப்பொழுது, வீட்டுக்கு ஒருவர் என்று கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் முறை வகுத்துக்கொண்டால் எவருக்கும் சுமையாகாது. கன்றுகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகளே ஆபத்தானவை. அவற்றைக் கடத்திவிட்டால், பிறகு வேர்களே கரையைப் பிடித்துக்கொள்ளும்.