கல்வராயன் மலைக்கு ஃபேமிலியா போறீங்களா? கரியாலூரில் என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?

"கள்ளக்குறிச்சி பக்கத்துல ஒரு மலை இருக்கு, இந்த ஞாயித்துக்கிழமை போலாமா?" என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி அருவியைப் பற்றி இருக்காது. "அங்க சாப்பாடு கிடைக்குமா?" என்பார்கள். அடுத்த கேள்வி கொஞ்சம் தயங்கி வரும்: "அது சாராய மலைதானே?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை நடந்த கருணாபுரம், மலையில் இல்லை. கீழே நகரத்துக்குள் இருக்கிறது. ஆனால் கல்வராயன் மலை என்றதும் சாராய ஊறல், போலீஸ் ரெய்டு என்று வருஷக்கணக்காகச் செய்தி படித்துப் பழகிய நமக்கு, மலையும் அந்தச் சம்பவமும் மனதில் ஒட்டிக்கொண்டன. அதற்கு அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அடிப்படை வசதிகள் பற்றிய கேள்விகள்தான் அதில் வந்தன.

குடும்பத்தோடு பகலில் போய் வருவதில் பயப்பட ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டு போக வேண்டிய விஷயங்கள்தான் இருக்கின்றன.

எங்கே இருக்கிறது, எப்படிப் போவது?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். கள்ளக்குறிச்சி, சேலம் என்று மாவட்டங்களைத் தாண்டிப் பரவியிருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, மலைக்கும் தனித் தாலுகா வந்தது. தலைமையிடம் வெள்ளிமலை. அதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஊர்தான் கரியாலூர்.

வழி இதுதான்: சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம், பிறகு மலைப்பாதை. ரயிலில் வந்தால் சின்னசேலத்தில் இறங்கிக்கொள்ளலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு அரசு பஸ் உண்டு, ஆனால் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. சொந்த வண்டி என்றால் பெட்ரோல், கையில் பணம் இரண்டையும் கீழேயே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் வரும், போகும். ஜிபே-யை நம்பி டீ குடிக்க உட்கார வேண்டாம்.

ஏற்காடு மாதிரி இருக்குமா? இருக்காது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே பல இடங்களில் 2,000 முதல் 3,000 அடிதான். ஏப்ரல், மே மாத மதியத்தில் போனால் வெயில் அடிக்கத்தான் செய்யும். மழைக்குப் பிறகு, அக்டோபர் முதல் ஜனவரி வரை போனால் மலை வேற மாதிரி இருக்கும்.

குழந்தைகளோடு எந்த அருவிக்குப் போகலாம்?

இன்ஸ்டா ரீல்ஸில் கல்வராயன் மலை என்று தேடினால் மேகம், பெரியார், கவியம் என்று அருவிகள் வரிசையாக வரும். ரீல்ஸில் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால், பெரியார் நீர்வீழ்ச்சி சாலையை ஒட்டியே இருக்கிறது. பாட்டியும் பேரனும் போகலாம். மேகம், கவியம் போன்றவற்றுக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும், இறங்க வேண்டும், பிறகு அதே வழியில் ஏற வேண்டும். மூன்று வயசுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இங்கே நாம் நிற்கும் இடத்தில் மழையே இல்லாமல், மேலே எங்கோ பெய்த மழைக்குத் திடீரென்று தண்ணீர் ஏறலாம். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் கலங்கி வந்தாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ உடனே கரை ஏறிவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு போட்டோ" என்பது அப்போது கிடையாது. பலத்த மழைக்காலத்தில் வனத்துறை தடை போட்டிருந்தால், பக்கத்து ஒத்தையடிப் பாதையைக் காட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

கரியாலூரில் படகுத்துறையும் சிறுவர் பூங்காவும் இருக்கின்றன. பெரிய ஏரி, பெரிய போட்டிங் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். பிள்ளைகள் ஓடி விளையாட, பெரியவர்கள் காலை நீட்டி உட்கார நல்ல இடம். அருவியில் நேரத்தைக் குறைத்து இங்கே கூட்டினால் வீட்டுப் பெரியவர்களுக்கு நிம்மதி என்பது என் எண்ணம்.

ஏறும்போதோ இறங்கும்போதோ கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணை. முழுக் கொள்ளளவு 46 அடி. கல்படை, பொட்டியம் போன்ற மலை ஆறுகள்தான் இதை நிரப்புகின்றன. அதாவது மேலே ஓடையில் நாம் விட்டுவிட்டு வரும் ஷாம்பு பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் இந்த வழியாகத்தான் கீழே வரும். சுற்றிலும் கரும்பும் நெல்லும். அந்த வயல்களுக்குப் பாயும் தண்ணீர் இது.

சரி, சாப்பாடு?

கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் டீக்கடை, சின்ன ஹோட்டல்கள் உண்டு. இட்லி, பரோட்டா, மதியம் சாப்பாடு என்று வழக்கமானது கிடைக்கும். "மலைச் சாப்பாடு" என்று பலகை போட்டுச் சாமைச் சோறு பரிமாறுவார்கள் என்று நினைத்துப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

இது ஏன் என்பதுதான் சுவாரஸ்யமான விஷயம்.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பேரைக் கேட்டு "மலையாளம் பேசுவாங்களா?" என்று கேட்காதீர்கள், தமிழ்தான் பேசுவார்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். சொந்த நிலம்போல உழைத்தும், பல தலைமுறையாக மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தார்கள். 1976-ல்தான் மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. அவர்களுடைய தட்டில் இருந்தது சாமைச் சோறு, தினை, கேழ்வரகுக் களி, கூடவே மொச்சைக் குழம்பு, அவரை, காட்டிலும் கொல்லையிலும் பறித்த கீரை.

சாமைக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம். ஆடியில் விதைத்தால் மூன்று, மூன்றரை மாதத்தில் அறுவடை. சரிவான, கல் நிறைந்த நிலத்திலும் வரும். பிரச்சினை அறுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அதன் மேல் தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு அந்த வீட்டுப் பெண்ணின் தோள்பட்டைதான் விலை. ரேஷனில் அரிசி வந்தது. 2011 முதல் அது இலவசமாகவும் ஆனது. யார்தான் உலக்கையைப் பிடிப்பார்கள்? "பாரம்பரிய உணவை மறந்துட்டாங்க" என்று கீழே இருந்து நாம் சொல்வது சுலபம்.

மறுபக்கம் மரவள்ளி. இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். சேலம், ஆத்தூர் சேகோ ஆலைகள் வாங்கிக்கொள்வதால் கையில் காசு வரும் பயிர் அது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசிக்கு மூலப்பொருளே இந்தக் கிழங்குதான். சாமை இருந்த இடத்தில் மரவள்ளி ஏறியது இப்படித்தான். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் இதே கதை நடந்தது. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பெண்கள் குழுக்களுக்குத் தோல் நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குத்துகிற வேலை குறைந்தால்தான் சாமை திரும்பி வரும் என்பது அங்கே புரிந்துகொள்ளப்பட்டது.

அதனால் கரியாலூரில் சாமைச் சோறு வேண்டும் என்றால் ஒரே வழி, முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான். காலையில் ஏறும்போதே ஒரு சின்ன ஹோட்டலில் நின்று, "மதியம் ஆறு பேருக்குச் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைக்குமா, என்ன ஆகும்?" என்று கேளுங்கள். முடியும் என்றால் செய்வார்கள், இல்லை என்றால் இல்லை என்பார்கள். கேட்டுவிட்டு வராமல் போய்விடாதீர்கள், அதுதான் முக்கியம். முடிந்தால் கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

நம்மில் பலர் செய்வது வேறு. கீழேயே பிரியாணிப் பொட்டலம், சிப்ஸ், வாட்டர் கேன் எல்லாம் வாங்கி டிக்கியில் அடைத்துக்கொண்டு ஏறுகிறோம். அருவியில் குளித்து, அங்கேயே சாப்பிட்டு, இறங்கிவிடுகிறோம். மலையில் செலவானது பெட்ரோல் மட்டும், அதுவும் கீழே போட்டது. மேலே மிஞ்சுவது பிளாஸ்டிக் தட்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை என்பது அந்தத் தட்டுக்குத் தெரியாது போல. பாட்டி கட்டித் தந்த புளிசோற்றை எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. டீ, டிபன், பழம் என்று ஒரு வேளையாவது மேலே வாங்கிச் சாப்பிடலாமே.

என்ன வாங்கி வரலாம்?

சாமை அரிசி கிடைத்தால் வாங்குங்கள். வெள்ளை வெளேர் என்று இருந்தால் அது நன்றாகத் தீட்டியது. மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பதில்தான் தவிடு மிச்சம் இருக்கும். தவிடு இருப்பதால் சீக்கிரம் வாடை வரும். இரண்டு மாதத்துக்கு வேண்டிய அளவு போதும், மூட்டையாக வேண்டாம்.

தேன் வாங்கும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, நெருப்புக் குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவது எல்லாம் எதையும் நிரூபிக்காது. சர்க்கரைப் பாகும் அந்தப் பரீட்சையில் பாஸ் ஆகிவிடும். பாட்டிலில் தேன் உறைந்தால் கலப்படம் என்றும் அர்த்தம் இல்லை. ஒன்று மட்டும் உறுதி: ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தொட்டு வைக்கக் கூடாது. மலைத்தேன் என்றாலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம்.

திரிபலாவில் சேரும் மூன்றில் ஒன்றான கடுக்காய் இந்த மலையின் முக்கியமான காட்டு விளைபொருள். தோல் பதனிடவும் இது போகிறது. மாசி, பங்குனி என்றால் புளி. கோடையில் பலா. மழைக்காலத்தில் சீத்தாப்பழம். தேன், புளி, கடுக்காய் போன்றவற்றைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்குத் தருகிறது. அவர்களிடம் வாங்கலாம், நாமே மரத்தில் ஏறிப் பறிப்பது வேறு கதை. பேரம் பேசும்போது ஊர் மார்க்கெட் விலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சிக்கிழங்கு வாங்கினால், சமையலுக்கானதுதானா என்று கேட்டு வாங்குங்கள். ஆலைக்குப் போகும் ரகங்களில் சில கசக்கும். அவற்றில் சயனைடு உண்டாக்கும் பொருள் அதிகம். எந்த ரகமானாலும் பச்சையாகக் கடிக்கக் கூடாது. தோலை உரித்து, துண்டு போட்டு, மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு தேங்காய்த் துருவலோடு சாப்பிட்டால் மாலை டிபன் முடிந்தது.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் மரச்சிற்பம் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னசேலம் வரை பல ஊர்களில் செதுக்குகிறார்கள். அல்லது இறங்காமல் வெள்ளிமலையிலிருந்து அப்படியே கருமந்துறை போய், தும்பல் வழியாக வாழப்பாடி பக்கம் இறங்கலாம். சேலத்துக்காரர்களுக்கு அது வசதி. எந்தப் பக்கம் என்றாலும் இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் புதுசாக ஓட்டுகிறவர்களுக்கு இரவு சரிப்படாது. ஊருக்குள் யாரையாவது போட்டோ எடுக்க ஆசைப்பட்டால், கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கி வந்த சாமையை அடுத்த நாளே சமைத்துப் பாருங்கள். கல் இருக்கும், நன்றாக அரித்து, இருபது நிமிஷம் ஊற வையுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், குக்கர் வேண்டாம், சட்டியில் வேகவைத்தால் பக்குவம் கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை குழைந்துவிட்டால் அதில் மோரை ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு குடித்துவிடுங்கள். அடுத்த தடவை தண்ணீரில் அரை டம்ளர் குறைத்துக்கொள்ளலாம்.