கீழ்த்தளத்துக்கு முதலில் தெரியும்

மெமரி சிப் தொழிலை விட்டுவிடலாம் என்று இன்டெலின் தலைவர்கள் 1985-இல் முடிவெடுத்தபோது, அதன் எட்டுத் தொழிற்சாலைகளில் ஒன்றே ஒன்றுதான் மெமரி சிப் செய்துகொண்டிருந்தது. மற்றவை முன்பே வேறு வேலைக்கு மாறிவிட்டன. மேலிடத்திலிருந்து எந்த உத்தரவும் போகவில்லை. உற்பத்தித் திட்டத்தையும் வரவுசெலவையும் பார்க்கும் நடுமட்ட மேலாளர்கள், மாதாமாதம் தங்கள் வேலையைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் கையில் இருந்தது ஓர் எளிய விதி. சிப்கள் சிலிக்கான் வேஃபர் என்ற வட்டத் தகட்டின் மேல் உருவாகின்றன. ஒரு தொழிற்சாலை இத்தனை வேஃபர்தான் செய்ய முடியும். எனவே ஒரு வேஃபருக்கு எந்தப் பொருள் அதிக லாபம் தருகிறதோ, அதற்கே இடம். ஜப்பானிய நிறுவனங்கள் தரத்தைக் கூட்டி விலையைக் குறைத்துக்கொண்டே போக, மெமரி சிப்பின் லாபம் கரைந்தது. அதன் இடத்தை, கணினியின் மூளையாக இயங்கும் மைக்ரோபிராசசர் பிடித்தது. சந்தை மாறிவிட்டது என்பது தொழிற்சாலைக்குத் தெரிந்துவிட்டது. தலைமை அறைக்குத் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் அறிவுக்குறைவு அல்ல. 1968-இல் இன்டெல் தொடங்கப்பட்டதே மெமரி சிப்புக்காகத்தான். 1970-இல் வந்த அவர்களது 1103 என்ற சிப், கணினிகளில் அதுவரை இருந்த காந்த வளைய நினைவகத்தை ஓரங்கட்டியது. 1971-இல் வந்த 4004 மைக்ரோபிராசசரோ, பிஸிகாம் என்ற ஜப்பானிய கால்குலேட்டர் நிறுவனத்தின் ஆர்டருக்காகச் செய்தது. ஒன்று அவர்களின் அடையாளம். மற்றொன்று வழியில் கிடைத்தது. தொழில்நுட்பத்தில் முன்னே நிற்க மெமரி வேண்டும், எல்லாப் பொருளும் நம்மிடம் இருந்தால்தான் வாடிக்கையாளர் வருவார் என்ற இரண்டு நம்பிக்கைகள் அந்த நிறுவனத்தில் ஏறக்குறைய மதம் போலவே இருந்தன.

ஓராண்டு வாதம் ஓய்ந்த களைப்பில், நிறுவனத்தின் பிரசிடென்டாக இருந்த ஆண்டி குரோவ், தலைமைச் செயல் அதிகாரி கோர்டன் மூரிடம் ஒரு கேள்வி கேட்டார். நம் இருவரையும் அனுப்பிவிட்டு இயக்குநர் குழு புது ஆளைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியைக் கைவிடுவார் என்று மூர் தயங்காமல் சொன்னார். அப்படியென்றால் நாமே வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ்.

மேலாண்மை வகுப்புகளில் இந்த உரையாடலைத் துணிச்சலின் உச்சமாகச் சொல்வார்கள். எனக்கு அதற்குப் பின் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. முடிவெடுத்த பிறகும் குரோவால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பேச்செடுத்தாலே நா குழறியது. விற்கப்போவதே இல்லை என்று தெரிந்த ஒரு மெமரி சிப்புக்கான ஆராய்ச்சியைத் தொடர அனுமதித்தார். இதையெல்லாம் 1996-இல் வெளியான தன் புத்தகத்தில் அவரே ஒளிக்காமல் எழுதினார். கடைசியில் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களிடம் தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னபோது, யாரும் அதிரவில்லை. இதற்கு இவ்வளவு காலமா என்று கேட்டவர்களும் உண்டு.

அந்தத் தாமதத்தை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 1986-இல் இன்டெல் 17 கோடி டாலருக்கும் மேல் நஷ்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தலைவர் தன் பழைய பெருமையை விடமுடியாமல் கழிக்கும் மாதங்களுக்கான விலையைக் கொடுப்பவர், பெரும்பாலும் அந்தப் பெருமையில் பங்கு பெறாதவர்.

ஆனாலும் குரோவைச் சிறந்த தலைவர் என்றே சொல்வேன். புடாபெஸ்டில் 1936-இல் பிறந்து, நாஜிகளிடமிருந்து சிறுவனாகத் தப்பி, 1956 ஹங்கேரி எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு எல்லை கடந்து அமெரிக்கா வந்தவர் அவர். நேற்று இருந்தது நாளையும் இருக்கும் என்று நம்பாத மனம். தனி அறை இல்லாமல், மற்ற ஊழியர்களைப் போலத் தடுப்புகளுக்கு இடையில்தான் உட்கார்ந்தார். மேலதிகாரி சொல்வது தவறென்றால் முகத்துக்கு நேரே வாதாட வேண்டும் என்பதை நிறுவனத்தின் பழக்கமாக்கினார். சந்தையின் காற்று முதலில் படுவது தெருவில் நிற்கும் விற்பனையாளர் மேல்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேஃபர் விதியின் கதையை ஆராய்ந்து எழுதிய பேராசிரியர் ராபர்ட் பர்கல்மேனுடன் சேர்ந்தே ஸ்டான்ஃபோர்டில் பாடம் நடத்தினார். தன்னைவிடத் தன் மேலாளர்கள் முந்திக்கொண்டதை அவர் மறைக்கவில்லை.

கீழிருந்து வரும் குரலைக் கேட்கப் பழகிய அவரது காதும் ஒருமுறை அடைத்துக்கொண்டது. 1994-இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் கணக்கில் ஒரு பிழை வெளிப்பட்டது. சாதாரணமாகக் கணினியில் கணக்குப் போடுபவர் 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் அதைச் சந்திப்பார் என்றது இன்டெல். தேவை என்று நிரூபிப்பவருக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது. பொறியாளரின் கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் 1991 முதல் 'இன்டெல் இன்சைடு' விளம்பரத்தால் வீட்டுக் கணினி வாங்குபவரையும் தன் வாடிக்கையாளராக்கிக் கொண்டது இன்டெலேதான். அவருக்கு வேண்டியது நிகழ்தகவு அல்ல, நம்பிக்கை. பென்டியம் பொருத்திய கணினிகளை அனுப்புவதை ஐபிஎம் நிறுத்திய பிறகே, கேட்டவருக்கெல்லாம் மாற்றித் தர இன்டெல் சம்மதித்தது. செலவு 47.5 கோடி டாலர்.

அந்த வேஃபர் விதியை நினைக்கும்போதெல்லாம், அதேபோல லாபக் கணக்கை நம்பிய இன்னொருவரும் எனக்கு நினைவுக்கு வருகிறார்: பின்னாளில் இன்டெலை நடத்திய பால் ஒட்டெலினி. ஐபோனுக்கு ஒரு சிப் வேண்டும் என்று ஆப்பிள் கேட்டது. அவர்கள் தரச் சம்மதித்த விலை, இன்டெல் மதிப்பிட்டிருந்த உற்பத்திச் செலவுக்கும் கீழே இருந்தது. ஒட்டெலினி மறுத்துவிட்டார். 2013-இல் பதவி விலகும் வேளையில் அவரே அதைப் பேசினார்: செலவு மதிப்பீடு தவறாகிப் போனது, விற்பனையோ யாரும் நினைத்ததைவிடப் பல மடங்கு பெருகியது, உள்மனம் ஒப்புக்கொள்ளச் சொல்லியும் தான் கணக்கைக் கேட்டுவிட்டதாக.