வானம் பார்த்து ஏறுவோம்

எங்கள் ரெம்பியாப் பக்கத்தில், மழை விட்ட காலையில் தோட்டத்து மேட்டு நிரையில் நின்று கிழக்கே பார்த்தால், நீலப் புகை போல ஒரு மலை தெரியும். அதுதான் லேடாங் மலை. முப்பது, நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய நம் பெரியவர்கள் பலர் அதைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள். ஏறிப் பார்த்தவர்கள் சிலரே.

போன பள்ளி விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் புறப்பட்டோம். நானும், என்னிடம் படித்து இப்போது தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நான்கு இளைஞர்களும், பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரும். அண்ணனுக்கு வயது 62. "ஆயுசு பூரா தூரத்திலேயே பார்த்தாச்சு சார். ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்கணும்" என்று அவராகவே கேட்டு வந்தார்.

விடியற்காலை 4 மணிக்கெல்லாம் வேன் கிளம்பிவிட்டது. பிரட்டுக்கு எழுந்து பழகிய அண்ணன்தான் எங்களை எழுப்பியவர். மலாக்கா, ஜாசின், தங்காக் வழியாகச் சாகில் அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். அருவிக்கரைப் பாறையில் உட்கார்ந்து பசியாறினோம். தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. பிறகு பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்து, மலாய்க்கார வழிகாட்டியோடு ஏறத் தொடங்கினோம்.

லேடாங் 1,276 மீட்டர் உயரம். மலாக்கா எல்லையை ஒட்டி நின்றாலும் சிகரம் ஜொகூரைச் சேர்ந்தது. அம்மாநிலத்தின் மிக உயர்ந்த மலை. வெள்ளைக்காரர்கள் இதை ஓஃபிர் மலை என்றார்கள். 1854-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் மலாக்காவிலிருந்து வந்து இதில் ஏறினார். பாடாங் பத்து என்னும் பாறை வெளியில் குடிநீர் கிடைக்காமல், குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த நீரைக் குடித்துத் தாகம் தீர்த்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். அந்நீரில் பூச்சிகள் மிதந்தனவாம்! நாம் அவரைப் பின்பற்ற வேண்டாம். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீராவது எடுத்துச் செல்வோம்.

இளைஞர்கள் முதல் ஒரு மணி நேரம் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அண்ணனோ காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த அதே நடை. வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. அட்டைக்காக நனைத்த புகையிலையைக் காலில் தேய்த்திருந்தார். வேர்களைப் பிடித்தும், பாறைகளில் கட்டிய கயிற்றைப் பற்றியும் ஏற வேண்டிய இடங்கள் வந்தபோது, முன்னே ஓடியவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அவர்களைத் தாண்டிப் போனார்.

நண்பகல் தாண்டியது. சிகரத்துக்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம்தான் இருந்தது. மேற்கே மேகம் கறுத்து எழும்பியது. வழிகாட்டி நின்று, "இறங்குவோம்" என்றார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்புறதா சார்?" என்று ஒரு தம்பி கோபப்பட்டான். உண்மையைச் சொன்னால் எனக்கும் மனமில்லை. சிகரத்தில் எடுத்த படத்தைக் காட்டுவதாகப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அண்ணன் வானத்தை ஒருமுறை பார்த்தார். "தம்பி, மழை வர்ற மாதிரி இருந்தா நாங்க மரத்துல கத்தி வைப்போமா? மங்குல மழைத்தண்ணி விழுந்தா பாலும் போச்சு, பாடும் போச்சு. அன்னைக்குக் கூலி கிடையாதுன்னு தெரிஞ்சேதான் லயத்துக்குத் திரும்புவோம். மரம் நாளைக்கும் நிக்கும். வா."

எங்கள் எல்லாரையும்விட அந்தச் சிகரத்துக்கு ஆசைப்பட்டவர் அவர். அவரே சொன்ன பிறகு யார் பேசுவது? இறங்கினோம்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாறையெல்லாம் வழுக்கல். கோபப்பட்ட தம்பிக்கே கணுக்கால் பிசகியது. அண்ணன் ஒரு கம்பைக் கொடுத்து, கைத்தாங்கலாக இறக்கி வந்தார். அடிவாரம் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. காலையில் நாங்கள் பசியாறிய பாறையைக் காணோம்! அதன்மேல் செம்மண் நிறத்தில் வெள்ளம் இரைந்து ஓடியது.

மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை திடீரென இறங்கி வரும். அருவியில் குளிக்கும்போது தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சருகும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், துணிமணியைத் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

லேடாங் மலை இளவரசியை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தான் மகமூதின் கதையை நாம் அறிவோம். தங்கப் பாலமும் வெள்ளிப் பாலமும் கேட்டாள். கொசுவின் இதயத்தைத் தட்டுத் தட்டாகக் கேட்டாள். கடைசியில் தன் மகனின் இரத்தத்தையும் கேட்டபோது, சுல்தான் அந்த ஆசையையே விட்டுவிட்டான். அரசனே திரும்பிய மலை அது. நாம் திரும்பியதில் என்ன குறை?

வேனில் அண்ணனிடம், "உச்சியைப் பார்க்காமலே வந்துட்டோமே, வருத்தமா?" என்று கேட்டேன்.

"கிட்டத்துல பார்த்துட்டேன் சார். ஆறு பேரும் வீட்டுக்குப் போறோமே" என்றார். சற்று நேரம் கழித்து, "அடுத்த லீவு எப்போ?" என்று கேட்டார்.