கழுத்துக்குள் ஓர் அளவுமானி

"தலைசுற்றல் இல்லை, படபடப்பு இல்லை, எனக்கெதுக்கு பிரஷர் பார்க்கணும்?" என்று கேட்கும் ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. ரத்த அழுத்தம் ஏறினால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்புவது கழுத்தில்.

தாடைக்குச் சற்றுக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கு, மற்றது முகத்துக்கு. அந்தக் கவட்டில் தமனி லேசாகப் புடைத்திருக்கும். ரத்தம் அதன் சுவரை எவ்வளவு விரிக்கிறது என்பதை அங்குள்ள நரம்பு முனைகள் ஓயாமல் மூளைக்குச் சொல்கின்றன. பாயிலிருந்து சட்டென்று எழுகிறீர்கள்; ரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. சில நொடிகளுக்குள் இதயம் வேகமெடுத்து, ரத்தக் குழாய்கள் இறுகி, அழுத்தம் பழையபடி நிமிர்ந்துவிடும். நீங்கள் அதற்குள் அடுப்படிக்குப் போயிருப்பீர்கள்.

ஆனால், அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால் இதே நரம்பு முனைகள் அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கின்றன. மாவு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் காதில் இரைச்சல் விழாமல் போவதில்லையா, அப்படி. 120-ஐக் காத்துவந்த ஏற்பாடு 160-ஐக் காக்கத் தொடங்குகிறது. இதயத்தின் தசை தடிப்பதும், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெடுவதும் வலியில்லாமல் நடக்கும்.

எனவே வெளியிலிருந்துதான் அளக்க வேண்டும். முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். கட்டிப்போட்ட பெண் குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றதாக 1733-ல் எழுதினார். மிரண்ட குதிரைக்கு ஏறாமல் என்ன செய்யும்? டாக்டரைக் கண்டதும் நம்மில் பலருக்கும் ஏறுகிறது. அதனால்தான் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, வேறொரு நாளும் பார்த்து, 140/90-ஐத் தொட்டோ தாண்டியோ நின்றால் மட்டும் உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள்.

1905-ல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்காஃப் குத்தாமலே அளக்க வழி சொன்னார். கையில் கட்டிய பட்டையில் காற்றடித்துத் தமனியை மூடி, மெல்லக் காற்றை விட்டால், ஸ்டெதாஸ்கோப்பில் முதல் 'டொக்' கேட்கும் இடம் மேல் எண். சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்தே பார்க்கிறார்கள்.

மாத்திரை தொடங்கிய புதிதில் சிலருக்கு எழுந்தால் தலை சுற்றும். 160-க்குப் பழகிய கழுத்துக்கு 130 தாழ்வாகத் தெரிவதும் இதற்கு ஒரு காரணம். "மாத்திரை ஒத்துக்கலை" என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்து மெல்ல ஏற்றுவார். நாள் போகப்போக அந்த நரம்பு முனைகள் புது எண்ணுக்குப் பழகிக்கொள்ளும்.